மருந்தறிந்து நோற்போம்: இதய மருந்துகளின் இயல்பும் பயனும்

(மகாவீரர் ஜயந்தி விழாவை முன்னிட்டுக் குத்தம்பாக்கத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இல்லறத்தார்க்கு நம் முன்னோர் வகுத்த தானங்கள் நான்கு. அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என்பன அவை. பசித்தவர்க்கு உணவு அளிப்பதற்கும் அஞ்சியவர்க்கு அடைக்கலம் அளிப்பதற்கும் இணையாக, நோயுற்றவர்க்கு மருந்து அளிப்பதையும் அவர்கள் வைத்தார்கள். கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என்றும், காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் பெயர் சூட்டினர். இருவரும் சமணச் சான்றோர். அவ்விரு பெயர்களும் மருந்தின் பெயர்களே. உடல்நோய்க்கு மருந்து போல உள்ளநோய்க்கு அறம் என்று அவர்கள் கருதினர். மருந்தைச் சிறுமையாக எண்ணியிருந்தால் அறநூலுக்கு அப்பெயரை இட்டிருக்கமாட்டார்கள்.

இதை முதலில் கூறுவதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் அறுபதைக் கடந்தவர்களில் பலர் நாள்தோறும் இதய மருந்தோ இரத்த அழுத்த மருந்தோ உட்கொள்கிறார்கள். அவர்களே நோன்பிலும் முன்னிற்பவர்கள். அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும், தசலட்சண பர்வத்தின் பத்து நாள்களிலும், "நோன்பு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மாத்திரையை எடுத்து வைத்துவிடுவோர் உண்டு. கதிரவன் மறைந்தபின் எதுவும் உட்கொள்ளாதவர்கள், இரவு மாத்திரையை யாரிடமும் கேளாமலேயே கைவிடுவதும் உண்டு. நோன்பை விடுங்கள் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. எந்த மருந்து உடலில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், நோன்பையும் மருந்தையும் ஒருசேரக் காக்க வழி பிறக்கும். அவ்வழியைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

வீடு தேடி வரும் மருந்து

தமிழக அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களின் இல்லத்திற்கே சென்று மருந்து வழங்குவது அதன் உயிர்நாடி. 2024ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் அது பெற்றது. மருந்தை வாங்க வழியில்லாமையால் மட்டுமே மக்கள் அதை நிறுத்துவதில்லை. தொடர்ந்து உட்கொள்ள வேண்டியதன் காரணம் விளங்காமையாலும் நிறுத்துகிறார்கள். ஒருவர் வீட்டு வாசலில் மாத்திரையை வைத்துச் செல்ல அரசால் இயலும். அதை அவர் வாயில் இடுவதற்கான தெளிவை நாம்தாம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அழுத்தம் ஏறுவது எதனால்?

நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. அது அனுப்பும் குருதி நாளங்களின் சுவரில் ஏற்படுத்தும் அழுத்தமே இரத்த அழுத்தம். மருத்துவமனையில் அமைதியாக அமர்ந்த நிலையில், வெவ்வேறு நாள்களில் அளந்தும் அது 140/90 என்னும் அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்கிறோம்.

அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் செல்வதை எண்ணிப் பாருங்கள். குழாயில் அழுத்தம் மிகுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். நீரின் அளவு மிகுதியாக இருக்கலாம், நீரை உந்தும் மோட்டார் மிகு விசையோடு இயங்கலாம், குழாய் குறுகியிருக்கலாம். உடலிலும் அவ்வாறே. குருதியிலுள்ள நீரும் உப்பும், இதயத்தின் துடிப்பு விசை, நாளங்களின் அகலம் ஆகிய மூன்றுமே அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. இரத்த அழுத்த மருந்துகள் எல்லாம் இம்மூன்றில் ஒன்றையோ இரண்டையோ மாற்றுகின்றன. இதை மனத்தில் கொண்டால் மருந்தின் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதன் வேலை விளங்கிவிடும்.

முதல் வகை, நாம் 'நீர் மாத்திரை' என்று வழங்கும் சிறுநீர் பெருக்கிகள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு ஆகியவை இரத்த அழுத்தத்திற்குத் தரப்படுகின்றன. இவை சிறுநீரகத்தில் உப்பு மீண்டும் குருதிக்குத் திரும்புவதைத் தடுக்கின்றன. உப்பு வெளியேறும்போது அதனோடு நீரும் வெளியேறுகிறது. ஃபுரோசிமைடு, டார்செமைடு ஆகியவை இவற்றினும் விசை மிக்கவை. இதயம் தளர்ந்து காலிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்ளும் நிலையில் அவற்றைத் தருகிறார்கள். இவ்வகை மருந்துகளால் சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளின் அளவு குறையக்கூடும். ஆதலின் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்விப்பது அவசியம்.

இரண்டாம் வகை பீட்டா தடுப்பிகள். அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் என்று 'லால்' என முடியும் பெயர்கள் பெரும்பாலும் இவ்வினத்தவை. அச்சமும் பரபரப்பும் மேலிடும்போது சுரக்கும் அட்ரினலின், இதயத்திலுள்ள பீட்டா ஏற்பிகளில் பொருந்தித் துடிப்பை விரைவுபடுத்துகிறது. அவ்வேற்பிகளை இம்மருந்து மறித்துக்கொள்கிறது. துடிப்பு நிதானமாகிறது, இதயத்தின் உயிர்வளித் தேவையும் குறைகிறது. 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞர் உருவாக்கிய ப்ரொப்ரனலால் இவ்வகையில் வழிகாட்டியது. 1988இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இழுப்பு நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: பீட்டா தடுப்பியை ஒரே நாளில் நிறுத்தலாகாது. நாள்பட மறிக்கப்பட்ட இதயம் அட்ரினலினுக்கு மிகு உணர்வு பெற்றிருக்கும். திடீரென்று மறிப்பு நீங்கினால் துடிப்பும் அழுத்தமும் தாவி ஏறும். இதய நோயாளிக்கு மாரடைப்பும் வரக்கூடும்.

மூன்றாம் வகை கால்சியம் வழித்தடுப்பிகள். இன்று மிகப் பரவலாக வழங்கப்பெறும் அம்லோடிபின் இதனைச் சார்ந்தது. நாளச் சுவரிலுள்ள தசை சுருங்குவதற்குக் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். நுழையும் வாயிலை இம்மருந்து ஓரளவு அடைப்பதால் தசை தளர்ந்து நாளம் விரிகிறது. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதைக் கண்டு சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்று அஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்துவோர் பலர். அது பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவே. அளவைக் குறைத்தோ வேறு மருந்து சேர்த்தோ மருத்துவர் சரிசெய்வார்.

நான்காம் வகையின் வரலாறு வியப்புக்குரியது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சு ஏறியவர்களுக்கு இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்துபோவதை ஆய்ந்த செர்ஜியோ ஃபெரேரா என்னும் அறிஞர், அந்நஞ்சிலுள்ள சில சிறு புரதக் கூறுகளை 1960களில் கண்டறிந்தார். உடலில் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளை உண்டாக்கும் நொதியை அவை தடுப்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆஞ்சியோடென்சின் நாளங்களை இறுக்குவது. உப்பையும் நீரையும் உடலில் தேக்குவது. அவ்வறிவைக் கொண்டு அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்னும் இருவர் ஆய்வுக்கூடத்தில் கேப்டோப்ரில் என்னும் மருந்தை வடிவமைத்தனர். எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவை அதன் வழிவந்தவை. சிலருக்கு இவற்றால் வறட்டு இருமல் வரும். அவர்களுக்கு ஆஞ்சியோடென்சினின் ஏற்பியை மறிக்கும் லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவை தரப்படுகின்றன. இவ்விரு இனங்களும் நீரிழிவால் பாதிக்கப்படும் சிறுநீரகத்தையும் காக்க வல்லவை. கருவுற்ற பெண்கள் இவற்றை உட்கொள்ளலாகாது. பொட்டாசியம் கூடக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் நாட்டின் பங்கையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேர் நம் மருத்துவ மரபில் நெடுங்காலமாக இருந்துவந்தது. பம்பாயில் பணிபுரிந்த மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், அது உயர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை நோயாளிகளிடம் ஆய்ந்து 1949இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகமே அம்மூலிகையின்பால் திரும்பிற்று. அதிலிருந்து பிரிக்கப்பட்ட ரிசர்பின் சில ஆண்டுகள் பெரிதும் பயன்பட்டது. மனச்சோர்வு முதலிய விளைவுகளாலும், மேலான மருந்துகள் வந்தமையாலும் பின்னர் அருகிப்போயிற்று. மூலிகையாயினும் மாத்திரையாயினும் ஆய்வின் உரைகல்லில் தேய்த்தே ஏற்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

கொழுப்பும் உறைவும்

இனி, நாளத்தின் உள்ளே படியும் கொழுப்பைப் பார்ப்போம். நாம் முட்டையும் இறைச்சியும் உண்பதில்லை. ஆகவே கொழுப்பு நமக்கு ஏது என்று பலர் கேட்கிறார்கள். நம் உடலிலுள்ள கொலஸ்டிராலின் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. அதில் கல்லீரலின் பங்கு பெரிது. நெய்யும் பாலேடும் எண்ணெய்ப் பலகாரமும் அதற்குத் துணை செய்கின்றன. ஆதலின் சைவ உணவு நன்மையே தவிர, முழுக் காப்பு ஆகாது.

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் 6,000க்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளை ஆராய்ந்து, கல்லீரலில் கொலஸ்டிரால் உண்டாவதைத் தடுக்கும் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்காகக் குருதியிலுள்ள கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. அதனால் நாளச் சுவரில் படிவது குறைகிறது. முன்பே படிந்த திட்டு வெடித்துவிடாமல் உறுதிப்படுகிறது. இன்று பெரிதும் வழங்கும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகிய இரண்டும் வேதியியல் முறையில் தொகுக்கப்படுபவை. பரிசோதனையில் கொழுப்பின் அளவு சரியாகிவிட்டது என்பதற்காக இதை நிறுத்துவது பிழை. அளவு சரியானது மருந்தினால். மருந்து நின்றால் சில வாரங்களில் அளவு பழைய நிலைக்கே திரும்பும். காரணமற்ற கடும் தசைவலி தோன்றினால் மருத்துவரிடம் கூற வேண்டும்.

நாளத்துள் படிந்த திட்டு வெடிக்கும் இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் குழுமி அடைப்பை உண்டாக்குகின்றன. அதுவே மாரடைப்பு. சிறு அளவு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவை தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் தொட்ட தட்டணு தன் ஆயுளாகிய ஏழு முதல் பத்து நாள் வரை பழைய ஆற்றலைப் பெறுவதில்லை. ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சேர்த்து உட்கொள்ள வேண்டியிருக்கும். அக்காலத்தில் மருந்து தவறினால் அந்த உலோக வலையினுள்ளேயே இரத்தம் உறையக்கூடும். அது உயிருக்கே இறுதியாகலாம். மறுபுறம், இதய நோயே இல்லாதவர் அண்டைவீட்டாரைப் பார்த்து ஆஸ்பிரின் தொடங்குவதும் தவறு. வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் இடர், அவருக்குக் கிடைக்கும் பயனைவிட மிகுதியாக இருக்கலாம்.

உறைவு எதிர்ப்பிகள் வேறு இனத்தவை. செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும் இதயத்துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கும் தரப்படும் வார்ஃபரின், அசிட்ரோம் ஆகியவை வைட்டமின் கே என்னும் சத்தின் வேலையை மறிக்கின்றன. அச்சத்துக் கீரைகளில் மிகுதி. இவர்கள் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையின்படியே அளவை அமைத்துக்கொள்ள வேண்டும்.

நெஞ்சுவலி வந்ததும் நாவின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட், நைட்ரேட் இனத்தது. அது நாளங்களை விரித்து இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. அழுத்தம் சட்டென்று தாழும் என்பதால் அமர்ந்துகொண்டே வைக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மருந்தை உட்கொண்டவர்கள் இதைத் தொடலாகாது. கூச்சத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நோய்க்கு ஏன் இத்தனை மாத்திரை?

ஏலாதியில் மருந்துப் பொருள் ஆறு. சிறுபஞ்சமூலத்தில் வேர் ஐந்து. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்திலிருந்து நோயைத் தாக்கும் என்பதே கூட்டு மருந்தின் கருத்து. இன்றைய மருத்துவமும் அதையே சொல்கிறது. ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சிறு அளவில் சேர்ப்பது அழுத்தத்தை நன்கு குறைக்கும், பக்கவிளைவும் மட்டுப்படும். இந்தியாவின் ஐம்பது மையங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், நீர் மாத்திரை, அட்டெனலால், ராமிப்ரில், சிம்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின் ஆகிய ஐந்தையும் ஒரே குளிகையில் அடக்கிச் சோதித்தனர். இத்தகைய கூட்டு மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2023இல் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே மாத்திரையின் எண்ணிக்கையைக் கண்டு மருத்துவர் மீது ஐயம் கொள்ள வேண்டா. எண்ணிக்கை மிகுதியாகத் தோன்றினால், கூட்டு மாத்திரையாக மாற்ற இயலுமா என்று கேட்கலாம்.

கதிரவன் மறைந்தபின்

இப்பொழுது நமக்கே உரிய கேள்விக்கு வருகிறேன். இரவில் உண்ணாதவர் இரவு மாத்திரையை என்ன செய்வது?

இரத்த அழுத்த மருந்தை இரவில் உட்கொண்டால்தான் நன்மையா என்று பிரித்தானியாவில் 21,104 பேரிடம் நடத்தப்பெற்ற பெரிய ஆய்வொன்று 2022இல் வெளியாயிற்று. காலையில் உட்கொண்டோர்க்கும் மாலையில் உட்கொண்டோர்க்கும் மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. நாள்தோறும் ஒரே வேளையில் தவறாமல் உட்கொள்வதே முக்கியம். ஸ்டாட்டின்களில் சிம்வாஸ்டாட்டின் மாலையில் உட்கொள்ளத்தக்கது. நெடுநேரம் செயற்படும் அட்டோர்வாஸ்டாட்டினையும் ரோசுவாஸ்டாட்டினையும் பகலில் எவ்வேளையிலும் உட்கொள்ளலாம். மருத்துவர் சீட்டில் இரவு என்று எழுதியிருப்பது பெரும்பாலும் வழக்கத்தை ஒட்டியது. "நாங்கள் அந்திக்குமேல் உண்பதில்லை, இதைப் பகலுக்கு மாற்றலாமா?" என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் உடனே மாற்றித் தருவார்கள். நாளுக்கு இருமுறை என்று எழுதப்பட்ட மருந்தாயின், நாளுக்கு ஒருமுறை போதுமான நெடுநேர வடிவம் உண்டா என்று கேட்க வேண்டும். கேளாமல் கைவிடுவதே கேடு.

முழு உபவாச நாள்களில் கவனம் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். உணவும் நீரும் குறையும்போது உடலின் உப்பும் நீரும் குறைகின்றன. அந்நாளில் வழக்கம்போல நீர் மாத்திரையையும் உட்கொண்டால், எழுந்து நிற்கையில் தலைசுற்றி விழ நேரிடும். முதியவர்க்கு இடுப்பெலும்பு முறிவதற்கு அந்த ஒரு வீழ்ச்சி போதும். ராமிப்ரில், டெல்மிசார்டான் ஆகியவற்றோடு நீர் மாத்திரையும் சேர்ந்து, நீர்வறட்சியும் கூடி, மூட்டுவலிக்காக டைக்ளோஃபினாக் போன்ற வலிமருந்தும் விழுங்கினால் சிறுநீரகம் சில நாள்களிலேயே பழுதுபடலாம்.

நீரிழிவுக்கும் இதயத் தளர்ச்சிக்கும் இக்காலத்தில் தரப்படும் டபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இவற்றை உட்கொண்டவாறே நெடிய உபவாசம் இருந்தால், சர்க்கரை பெரிதும் ஏறாத நிலையிலும் குருதியில் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். எனவே உபவாசத்திற்கு முன்பே இதைச் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். நீரிழிவு மாத்திரையோடு பீட்டா தடுப்பியும் உட்கொள்வோர்க்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் மறைந்துவிடும். வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக எஞ்சும்.

பர்வ நாள்களில் கீரையையும் பச்சைக் காய்களையும் விலக்குவோர் உளர். வார்ஃபரின் உட்கொள்பவர் அவ்வாறு செய்தால், வைட்டமின் கே குறைந்து மருந்தின் வேகம் ஏறும். இரத்தக் கசிவு நேரலாம். நோன்பு முடிந்தபின் கீரையை மிகுதியாக உண்டால் வேகம் இறங்கும். வால்வில் உறைவு நேரலாம். அவர்கள் நோன்புக்கு முன்னும் பின்னும் ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்வது நலம். பாரணைக்கு இளநீர் அருந்தும் வழக்கம் நல்லதே. ஆயின் சிறுநீரகக் குறையோடு டெல்மிசார்டானோ ஸ்பைரோனோலேக்டோனோ உட்கொள்வோர்க்கு இளநீரின் பொட்டாசியம் தீங்கு செய்யலாம்.

உப்பைத் துறக்கும் விரதம் நம்மிடையே உண்டு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இன்று கூறுவதை எண்ணினால், அவ்விரதத்தின் அருமை விளங்கும். ஊறுகாயையும் அப்பளத்தையும் ஆண்டு முழுவதும் குறைத்தாலே இரத்த அழுத்தம் இறங்கும். ஆனால் நீர் மாத்திரை உட்கொள்ளும் முதியவர் உப்பை அறவே நீக்கினால் சோடியம் தாழ்ந்து மயக்கமும் குழப்பமும் வரலாம். அளவோடு குறைப்பதே அவருக்குத் தக்கது.

ஆகவே என் வேண்டுகோள் இது. நோன்புக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே மருந்துச் சீட்டோடு மருத்துவரைக் காணுங்கள். எது நிற்கலாம், எது குறையலாம், எது ஒருபோதும் நிற்கலாகாது என்று மூன்று பட்டியலாக எழுதி வாங்குங்கள். பீட்டா தடுப்பியும், ஸ்டென்டுக்கான மாத்திரைகளும், உறைவு எதிர்ப்பிகளும் பெரும்பாலும் மூன்றாம் பட்டியலில் இருக்கும். விரதம் ஏற்கும்போதே மருந்துக்கும் அதை விழுங்கும் நீருக்கும் விலக்கு வைத்துக்கொள்வது பற்றி நம் பெரியோர்களிடமும் கேட்டுத் தெளியுங்கள். உடல்நிலை இடம் தராதவர்க்கு ஒருவேளை உணவு, சுவை துறத்தல், உணவின் அளவு குறைத்தல் எனத் தவத்தின் வகைகள் நம் நெறியிலேயே பலவாக உள்ளன.

மருந்தின் பிறப்பிடம்

மற்றொரு கேள்வி அகிம்சையைத் தொட்டது. இம்மருந்துகளில் உயிர்க்கொலையால் வந்தவை உண்டா? ராமிப்ரில் போன்றவற்றின் வரலாற்றில் பாம்பின் நஞ்சு இருந்தாலும், மாத்திரையில் நஞ்சு ஏதும் இல்லை. அவை தொகுப்பு மருந்துகள். டிகாக்சின் ஒரு செடியின் இலையிலிருந்து வருவது. குளிகைகளின் மேலுறை பெரும்பாலும் மாடு, பன்றி ஆகியவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. உணவுப் பொட்டலத்தில் காணும் பச்சைப் புள்ளி மருந்து அட்டைகளுக்குக் கட்டாயம் இல்லை. ஆகவே அதே மருந்து மாத்திரை வடிவில் கிடைக்குமா என்று கேட்பதே எளிய வழி. பெரும்பாலான இதய மருந்துகள் மாத்திரையாகவே கிடைக்கின்றன.

மருத்துவமனையில் மாரடைப்பின்போது ஊசியாகச் செலுத்தும் ஹெப்பாரின், பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. ஃபான்டாபாரினக்ஸ் முழுதும் செயற்கையாகத் தொகுக்கப்பட்டது; சில நிலைகளில் அதை மாற்றாகத் தரலாம், எல்லா நிலைகளிலும் அன்று. இதய வால்விலும் இவ்வாறே. விலங்கின் திசுவால் ஆன வால்வுகள் உண்டு; திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய சித்ரா வால்வு போன்ற, திசு கலவாத வால்வுகளும் உண்டு. பின்னதைப் பொருத்தினால் வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் தேவை. ஒவ்வொன்றிலும் நன்மையும் உண்டு, சுமையும் உண்டு. இத்தகைய முடிவை அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நின்றுகொண்டு எடுக்க இயலாது. உடல் நலமாக இருக்கும்போதே குடும்பத்தார் கூடிப் பேசி, தம் கருத்தை எழுதி வைப்பதே அறிவுடைமை.

நேரமே உயிர்

நிறைவாக ஒன்று. தமிழக அரசு 2023இல் 'இதயம் காப்போம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு ஆகப் பதினான்கு மாத்திரைகளை முதல் தவணையாகத் தந்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அத்திட்டம். அம்மூன்றும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை இப்பொழுது அறிவீர்கள். தட்டணு ஒட்டுவதை இரண்டு தடுக்கின்றன; வெடித்த திட்டை அமைதிப்படுத்த ஒன்று துணைநிற்கிறது. இவற்றை மருத்துவ ஊழியரின் சொற்படியே உட்கொள்ள வேண்டும். நெஞ்சுவலி எல்லாம் மாரடைப்பு அன்று.

நடுநெஞ்சில் பாரம் அழுத்துவது போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் 108ஐ அழையுங்கள். முதியவர்க்கும் பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்க்கும் வலியே இல்லாமல் சோர்வும் குமட்டலும் மட்டும் வரலாம். பெங்களூரு நெடுஞ்சாலையின் அருகில் வாழும் நமக்குப் பூந்தமல்லியும் சென்னையும் தொலைவில் இல்லை. ஆனால் "வாயுத் தொல்லையாக இருக்கும், கஷாயம் குடித்துப் பார்ப்போம்" என்று வீட்டில் கழியும் ஒரு மணி நேரத்தை எந்த நெடுஞ்சாலையாலும் ஈடுசெய்ய முடியாது. அவ்வேளை நள்ளிரவாகவும் இருக்கலாம். உபவாச நாளாகவும் இருக்கலாம். அப்போது தாத்தாவோ பாட்டியோ, "இன்று நான் எதையும் வாயில் இடமாட்டேன்" என்று மறுக்கக்கூடும். அந்நேரத்தில் என்ன செய்வது என்பதை இன்றே அவர்களிடம் அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இளைஞர்களிடம் ஒரு சிறு பணியை ஒப்படைத்து விடைபெறுகிறேன். வீட்டிலுள்ள பெரியவர்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, வேளை, காரணம் ஆகிய நான்கையும் தமிழில் ஓர் அட்டையில் எழுதி, அவர்கள் கையில் எப்போதும் இருக்கும்படி செய்யுங்கள். நோன்பு நாள்களில் மாறும் அளவை அதன் பின்புறம் எழுதுங்கள். வசதி குறைந்த குடும்பத்தின் முதியவர் ஒருவருக்கும் அவ்வாறே எழுதிக் கொடுங்கள். மருந்து தீர்ந்திருந்தால் வாங்கிக் கொடுங்கள். நான்கு தானங்களில் ஔடததானமும் சாத்திரதானமும் அந்த ஓர் அட்டையில் சேர்ந்து நிறைவேறும்.

 எல்லா உயிரும் நலமுறுக.